1924ல கம்ப்யூட்டரே இல்லாம ஒருத்தன் சினிமா திரைக்குள்ள எப்படி நடந்து போனான்? பஸ்டர் கீட்டனோட 'ஷெர்லாக் ஜூனியர்' உருவான கதை

கேள்வி இதுதான்: ஹாலிவுட் மௌனப் பட காமெடி நடிகர், டைரக்டர் பஸ்டர் கீட்டனோட 'ஷெர்லாக் ஜூனியர்' படத்துல ஹீரோ தூங்கும்போது அவன் உடம்புலேர்ந்து இன்னொருத்தன் எழுந்து வந்து ஓடிக்கிட்டிருக்கற படத்துக்குள்ளயே ஏறிப் போயிடறான், பின்னாடி இடம் மாறிக்கிட்டே இருக்கு, அவன் மட்டும் மாறல, இதை அந்தக் காலத்துல எப்படி எடுத்தாங்க, அப்புறம் ஷூட்டிங்ல கீட்டனுக்கு கழுத்து எலும்பு உடைஞ்சது நிஜமா.

ரெண்டாவதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன், நிஜம்தான், விவரம் கீழ வருது. ஆனா மொத கேள்விக்கு "கேமரா ட்ரிக்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டா கீட்டனுக்கு அநியாயம் பண்ண மாதிரி ஆயிடும். இந்தப் படத்தைப் பத்தி பேசற நிறைய பேர் கீட்டனை ஏதோ கனவுலகத்துல மிதந்த கவிஞர் மாதிரி பேசுவாங்க. எனக்கு அது ஒத்துக்கவே மாட்டேங்குது. அந்த மனுஷன் அடிப்படையில ஒரு மெக்கானிக். எதையும் கழட்டிப் பார்த்து மாட்டற புத்தி. கதைல நம்ப முடியாத விஷயம் வந்தா அவருக்கே பிடிக்காது. அப்படிப்பட்ட ஆளு எடுத்த படம்தான் ஹாலிவுட்லயே விசித்திரமான காமெடிகள்ல ஒண்ணா நிக்குது, ஏன் அப்படி ஆச்சுங்கறதுலதான் உங்க கேள்விக்கான பதிலும் இருக்கு.

கீட்டன் 1895ல பொறந்தவர். அப்பா அம்மா ரெண்டு பேரும் வாட்வில் மேடைக்காரங்க, அதாவது பாட்டு, ஜோக், வித்தை எல்லாம் கலந்து ஊர் ஊரா போய் காட்டற ஷோ. பையன் நடக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மேடை ஏத்திட்டாங்க, அப்பா ஜோ கீட்டன் பையனைத் தூக்கி மேடையில இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசுவார், அதுதான் ஐட்டமே. விழறது எப்படி, அடி படாம உருள்றது எப்படி, மூஞ்சில ஒண்ணும் காட்டாம இருக்கறது எப்படின்னு எல்லாம் பள்ளிக்கூடம் போற வயசுலயே கத்துக்கிட்டார். மேஜிக் காட்டறவங்க, கழைக்கூத்து ஆடறவங்கன்னு எல்லாரையும் மேடைக்கு சைடுல நின்னு பார்த்தே வளர்ந்த ஆளு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

1920லேர்ந்து 1923 வரைக்கும் ரெண்டு ரீல் குட்டிப் படங்களா எடுத்துத் தள்ளினார். அதுல எல்லாம் எது வேணா நடக்கலாம். 1921ல 'ஹார்ட் லக்'னு ஒரு படம், கடைசில உயரத்துலேர்ந்து நீச்சல் குளத்துல டைவ் அடிப்பார், குறி தப்பி தரையில விழுந்து ஓட்டை போட்டுக்கிட்டு உள்ள போயிடுவார், சில வருஷம் கழிச்சு அதே ஓட்டை வழியா ஒரு சீனப் பொண்டாட்டி, பிள்ளைகளோட ஏறி வருவார். சிரிப்பு தாங்காது. ஆனா 1923ல முழு நீளப் படத்துக்கு மாறினப்போ அவரே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கிட்டார், இனிமே கார்ட்டூன் மாதிரி நடக்கவே முடியாத காமெடி கிடையாதுன்னு. ஒரு மணி நேரம் ஆடியன்ஸ் உக்காரணும்னா அவங்க கதையை நம்பணும், ஹீரோவுக்கு அடி படும்னு பயப்படணும், தரையில ஓட்டை போட்டு சீனா போற ஆளைப் பார்த்து யாரு பயப்படுவா?

இப்ப சிக்கல் என்னன்னா, அவர் தலைக்குள்ள நடக்க முடியாத ஐடியா ஒரு மூட்டை இருக்கு. அதுல ஒண்ணு, சினிமா ஆபரேட்டர் ஒருத்தன் திரைக்குள்ள நடந்து போறது. பின்னாள்ல கெவின் பிரௌன்லோங்கற சினிமா ஆராய்ச்சியாளருக்குக் கொடுத்த பேட்டில கீட்டன் இதைப் பத்தி பேசியிருக்கார். இந்த வித்தையெல்லாம் நேரா கதைல வச்சா கதை கெட்டுடும், அதனால கனவுலதான் வரணும், கனவுக்கு ஆள் வேணும்னா படம் ஓட்டற ஆபரேட்டரை தூங்க வச்சா போச்சு. அவ்வளவுதான் லாஜிக். மனசோட ஆழம், அடிமனசுன்னு எல்லாம் யோசிக்கல, தான் போட்ட ரூலை தானே மீறாம இருக்க ஒரு வழி கண்டுபிடிச்சார். அந்த ஒரு சீனுக்காகத்தான் மொத்தப் படமேன்னும் சொல்லியிருக்கார்.

கதை சின்னதுதான். ஒரு சின்ன ஊர் தியேட்டர்ல படம் ஓட்டி, கூட்டிப் பெருக்கற பையன், துப்பறியறது எப்படின்னு புஸ்தகம் வச்சு படிச்சிட்டிருக்கான். ஒரு பொண்ணை லவ் பண்றான், அதே பொண்ணு பின்னாடி சுத்தற இன்னொருத்தன் பொண்ணோட அப்பா வாட்சைத் திருடி அடகு வச்சிட்டு சீட்டை இவன் பாக்கெட்ல போட்டு மாட்டி விட்டுடறான். அப்பாவா நடிச்சது கீட்டனோட சொந்த அப்பா ஜோ கீட்டனே, சின்ன வயசுல மேடையில தூக்கி வீசின அதே ஆளு இங்க வீட்டை விட்டு வெளிய போடான்னு சொல்றார். பொண்ணு கேத்ரின் மக்வையர், வில்லன் வார்ட் கிரேன்.

கனவு வர்றதுக்கு முன்னாடி ஒரு சீன் இருக்கு, எல்லாரும் திரைக்குள்ள போற சீனைப் பத்தியே பேசி இதை விட்டுடுவாங்க. மூணு டாலர் சாக்லேட் டப்பா வாங்கணும், கைல ரெண்டுதான் இருக்கு. தியேட்டர் வாசல்ல குப்பையைக் கூட்டும்போது ஒரு டாலர் கிடைக்குது. பாக்கெட்ல போடறதுக்குள்ள ஒரு பொண்ணு வந்து என் டாலர் தொலைஞ்சு போச்சுங்கறா, எப்படி இருந்துச்சுன்னு அடையாளம் கேட்கறான் (டாலர் நோட்டுக்கு என்னய்யா அடையாளம்!), கொடுத்துடறான். அடுத்து ஒரு வயசான அம்மா அழுதுக்கிட்டே வந்து தேடுது, பாவம் பார்த்து தன் சொந்தக் காசுலேர்ந்து ஒண்ணு கொடுக்கறான். மூணாவதா ஒரு முரட்டு ஆளு வந்து குப்பையைக் கிளறறான், இவன் தானே முன்வந்து மிச்சம் இருந்த ஒத்த டாலரையும் நீட்டறான், அந்த ஆளு அதைத் தள்ளி விட்டுட்டு குப்பைக்குள்ளேர்ந்து நோட்டு அடைச்ச பர்ஸை எடுத்துக்கிட்டு போறான். உடனே நம்மாளு குப்பைல விழுந்து தேட ஆரம்பிக்கறான். ட்ரிக் ஒண்ணும் கிடையாது, ஒரு விளக்குமாறு, ஒரு குப்பைக் குவியல், அவ்வளவுதான். இந்த சீன் நல்லா ஒட்டினதாலதான் பின்னாடி அவன் திரைக்குள்ள போகும்போதும் நாம கூடவே போறோம்.

சரி, அந்த சீனுக்கு வருவோம். மொதல்ல தூங்கறவன் உடம்புலேர்ந்து இன்னொருத்தன் எழுந்திருக்கறது டபுள் எக்ஸ்போஷர், அதாவது ஒரே ஃபிலிமை ரெண்டு தடவை கேமராவுல ஓட்டறது. தூங்கற கீட்டனை ஒரு தடவை எடுத்துட்டு, ஃபிலிமை பின்னாடி சுத்தி, அதே இடத்துலேர்ந்து எழுந்திருக்கற கீட்டனை மறுபடி எடுக்கணும். கேமரா மயிரிழை கூட நகரக் கூடாது. இதுல கேமராமேன் எல்ஜின் லெஸ்லி கில்லாடி. 1921ல 'தி ப்ளேஹவுஸ்' படத்துல ஒரே வரிசைல ஒன்பது கீட்டன் நின்னு ஆடற மாதிரி எடுத்த ஆளு, லென்ஸுக்கு முன்னாடி குறுகலா திறந்து மூடற மறைப்பு வச்சு ஃபிலிமை ஒன்பது தடவை பின்னாடி சுத்தி சுத்தி எடுத்தது அது. அப்போ மோட்டார் கிடையாது, கேமராவை கையாலதான் சுத்தணும், ஒன்பது தடவையும் ஒரே வேகத்துல சுத்தலைன்னா ஆட்டத்துல ஒருத்தன் முந்திடுவான் ஒருத்தன் பிந்திடுவான். லெஸ்லியோட கை அப்படி ஒரு கை. இந்தப் படத்துல கூட இருந்த இன்னொரு கேமராமேன் பைரன் ஹௌக், இவர் அதுக்கு முன்னாடி பெரிய லீக்ல பேஸ்பால் பிட்சரா, அதாவது பந்து வீசறவரா இருந்தவர். கீட்டனுக்கு பேஸ்பால்னா உசுரு, யூனிட்ல ஆள் எடுக்கும்போது அதையும் பார்ப்பார்னு ஒரு பேச்சு உண்டு.

அடுத்து அவன் ஆடியன்ஸ் நடுவுல நடந்து போய் மேடை ஏறி படத்துக்குள்ள காலை வைக்கிறான், வில்லன் தூக்கி வெளிய எறியறான், வந்து விழறான், மறுபடி ஏறறான். இங்க திரையே கிடையாதுங்கறதுதான் சூட்சுமம். திரை இருக்க வேண்டிய சட்டத்துக்குள்ள நிஜமான ஒரு மேடை செட் போட்டு, நிஜமான ஆட்களை நிக்க வச்சு, லைட்டிங்கை மட்டும் மாத்தி அது ப்ரொஜெக்ட் பண்ண படம் மாதிரி தெரிய வச்சிருக்காங்க. மத்த தியேட்டர் எல்லாம் இருட்டு, அந்தச் சதுரம் மட்டும் சினிமா மாதிரி மினுங்குது. அதனாலதான் அவன் உள்ள போறதும் வெளிய வந்து விழறதும் ஒரே ஷாட்ல வெட்டே இல்லாம நடக்குது. இன்னிக்குப் பார்த்தாலும் ஒட்டு எங்கன்னு கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா ஒட்டே இல்லை.

அதுக்கப்புறம் வர்றதுதான் நீங்க கேட்டது. வாசப்படியில நின்னு கதவைத் தட்டறான், யாரும் திறக்கல, படி இறங்கலாம்னு காலை வைக்கிறான், படம் வெட்டி தோட்டம் வந்துடுது, அங்க இருந்த பெஞ்சுல இடறி விழறான். எழுந்து பெஞ்சுல உக்காரப் போறான், பெஞ்சு போயி நடுரோடு, வண்டிங்க பறக்குது. ரோட்ல நடக்கறான், கடைசி அடியில மலை விளிம்பு. எட்டிப் பார்க்கறான், சுத்தி சிங்கம். நைசா நகர்றான், பாலைவனம், பக்கத்துல ரயில் பாயுது. ஒரு மேட்டுல உக்காரறான், அது கடல் நடுவுல பாறை ஆயிடுது. தண்ணில குதிக்கறான், குதிச்ச இடத்துல பனி, தலைகீழா சொருகி நிக்கறான். எழுந்து மரத்துல சாயறான், மறுபடி தோட்டம், சாஞ்ச மரம் காணோம், தொப்புனு கீழ.

ஒவ்வொரு தடவையும் இடம் மாறும்போது அவன் உடம்பு இம்மி பிசகாம அதே நிலையில இருக்கு. எப்படி? நிலம் அளக்கற சர்வேயர் சாமான், இஞ்ச் டேப், அவ்வளவுதான். அந்தப் பாறை சீனை வச்சு கீட்டன் விளக்கினது என்னன்னா, பாறைல நின்னு குதிக்கறதுக்கு முன்னாடி அப்படியே ஒரு நொடி அசையாம நிப்பார், கேமராவை நிறுத்திடுவாங்க. கேமராவுக்கு முன்னாடி ஒரு குறுக்குக் கட்டை வச்சு, அங்கேர்ந்து அவர் இருக்கற இடத்துக்கு ரெண்டு கோணத்துலேர்ந்து டேப் போட்டு அளப்பாங்க. உயரத்துக்கு சர்வேயர் கருவி. எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்கிட்டு, வேற இடத்துக்குப் போய் அதே தூரம் அதே உயரம் வர்ற மாதிரி கேமராவையும் ஆளையும் நிறுத்தி, அதே போஸ்ல அவர் நின்னதும் கேமராவைச் சுத்த ஆரம்பிப்பாங்க, அவர் குதிப்பார். கடல்ல குதிச்சவன் பனில விழறான். இதோட, முந்தின ஷாட்டை உடனே கழுவி, அதுலேர்ந்து சில ஃப்ரேமை வெட்டி கேமராவுக்குள்ள வச்சு, அதோட பொருந்துதான்னு பார்த்துக்கிட்டே கீட்டனை நிறுத்தற வழியையும் பயன்படுத்தியிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க, பழைய நிழலுக்கு மேல புது ஆளைப் பொருத்தி வைக்கறது, கொஞ்சம் இடுப்பை இடது பக்கம் தள்ளு, தலையைக் குனின்னு சொல்லிச் சொல்லி. இது முழுக்க தச்சு வேலை, கொத்து வேலை மாதிரி அளவு சுத்தமா இருக்க வேண்டிய வேலை. ஊர்ல இருந்த கேமராமேன் எல்லாம் இதைக் கண்டுபிடிக்கறதுக்காக ஒரு தடவைக்கு மேல டிக்கெட் வாங்கிப் பார்த்தாங்கன்னு கீட்டன் வயசான காலத்துலயும் பெருமையா சொல்லுவார், பெருமைப்படட்டும், தகுதியான பெருமை.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, சினிமாவுல 'கட்'னா எவ்வளவு அநியாயமான விஷயம்னு இந்த ஒரு சீன் காட்டுது. நாம தினமும் பார்க்கறோம், ஹீரோ வீட்ல இருப்பான், அடுத்த செகண்ட் ஸ்விட்சர்லாந்துல ஆடுவான், நமக்கு ஒண்ணும் தோணாது. நடுவுல நிஜமா ஒரு மனுஷன் மாட்டிக்கிட்டா அவன் கதி என்னன்னு கீட்டன் யோசிச்சிருக்கார். அதுவும் எடிட்டிங்னு ஒரு கலை இருக்குன்னு உலகம் பெருசா பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி.

திரைக்குள்ள போனப்புறம் அந்தப் பையன் கோட்டு சூட்டோட உலகப் புகழ் டிடெக்டிவ் ஷெர்லாக் ஜூனியர் ஆயிடறான், வாட்சு முத்துமாலை ஆயிடுது, ஊர்க்காரங்க எல்லாம் பணக்காரங்க ஆயிடறாங்க. வில்லன் கோஷ்டி அவனைக் கொல்ல வெடிகுண்டு அடைச்ச 13ம் நம்பர் பூல் (பில்லியர்ட்ஸ் மாதிரி ஒரு ஆட்டம்) பந்தை டேபிள்ல வச்சிடுது. அதைத் தவிர மத்த எல்லாப் பந்தையும் அவன் அடிச்சு உள்ள தள்றான், 13 மேல பட்டும் படாம எல்லாம் உரசிக்கிட்டு போகுது. இதுக்காக ஒரு பூல் எக்ஸ்பர்ட்கிட்ட பாடம் கேட்டு பயிற்சி எடுத்துக்கிட்டார் கீட்டன்.

இப்ப அந்த வாட்வில் அனுபவம் எங்க வந்துச்சுன்னு பாருங்க. டிடெக்டிவ் வில்லன்கிட்ட மாட்டி ஒரு வீட்டுக்குள்ள இருக்கான். வெளிய அவனோட உதவியாள் ஜில்லெட் (நடிச்சது ஃபோர்ட் வெஸ்ட்) ஜன்னல்ல ஒரு வட்டமான டப்பாவைப் பொருத்திட்டுப் போறான், உள்ள பொம்பளை டிரஸ் மடிச்சிருக்கு. வீட்டுச் சுவர் அப்படியே கரைஞ்சு உள்ள நடக்கறது நமக்குத் தெரியும், ஏமாத்து இல்லைன்னு காட்டறதுக்காகவே. டிடெக்டிவ் முத்துமாலையைப் பிடுங்கிக்கிட்டு ஜன்னல் வழியா பாயறான், வெளிய வந்து விழும்போதே கிழவி வேஷத்துல எழுந்து நடந்து போறான். ஒரே ஷாட். அதுக்கு அடுத்ததுதான் பயங்கரம். துரத்திக்கிட்டு வர்றாங்க, முட்டுச்சந்து, அங்க ஜில்லெட் சாமான் விக்கற கிழவி மாதிரி கழுத்துல ஒரு பெட்டியை மாட்டிக்கிட்டு நிக்கறான். டிடெக்டிவ் ஓடி வந்து அந்தப் பெட்டிக்குள்ள தலைகீழா பாயறான். மறைஞ்சிடறான். கிழவி அமைதியா அங்கேர்ந்து நடந்து போகுது.

ஷாட்ல வெட்டு கிடையாது, கேமரா தள்ளி நின்னு முழுசா காட்டுது. ரகசியம் என்னன்னா அந்தக் கிழவி நிக்கவே இல்லை. பின்னாடி இருந்த வேலியில ஒரு கதவு இருக்கு, ஃபோர்ட் வெஸ்ட் அதுக்குப் பின்னாடி படுக்கை வசத்துல இருக்கார், தலையும் தோளும் மட்டும் வெளிய, முன்னாடி தொங்கற நீளப் பாவாடைக்குள்ள கால் கிடையாது. கீட்டன் பாயறது பெட்டி வழியா அந்தப் பாவாடைக்குள்ள புகுந்து வேலிக் கதவு வழியா பின்னாடி. போனதும் கதவு மூடிக்கும், வெஸ்ட் காலை கீழ இறக்கி எழுந்து நடந்து வந்துடுவார். வேகமும் நேரமும் தப்பினா ரெண்டு பேருக்கும் மண்டை உடையும். மேடை வித்தைக்காரங்ககிட்ட கத்துக்கிட்டதை தெருவுக்குக் கொண்டு வந்திருக்கார். சினிமாவுல வெட்டிப் போட்டே மறைய வைக்கலாமே, எதுக்கு இவ்வளவு கஷ்டம்னு கேட்டா, வெட்டிப் போட்டா யாரு நம்புவா? அதுதான் அவர் கேள்வி எப்பவும்.

மோட்டார் சைக்கிள் துரத்தல் தனி. பின்னாடி ஜில்லெட் ஓட்டறான்னு நினைச்சு ஹேண்டில் பார் மேல இவன் உக்காந்திருக்கான், ஒரு குழில ஏறி இறங்கினதுல ஜில்லெட் விழுந்துட்டான், இவனுக்குத் தெரியாது. யாருமே ஓட்டாத வண்டில உக்காந்துக்கிட்டு பின்னாடி இருக்கறவனுக்கு புத்திமதி சொல்லிக்கிட்டே ஊரைக் கடக்கறான். பள்ளம் தோண்டறவங்க வரிசையா ஆளுக்கொரு மண்வெட்டி மண்ணை மூஞ்சில போடறாங்க, கயிறு இழுக்கற போட்டிக்குள்ள புகுந்து ஒரு டீமையே இழுத்துக்கிட்டு போறான், நடுவுல உடைஞ்சு கிடக்கற பாலத்துல சரியா அந்த இடைவெளியில ரெண்டு லாரி கடந்து போகுது, அது மேலயே ஓடிப் போயிடறான். நிஜத்துலயும் ஹேண்டில் பார்ல உக்காந்தவனுக்கு பிரேக் எட்டாது. ஒரு தடவை வண்டி வழுக்கி ரெண்டு கேமராவை இடிச்சு, கூட இருந்த எடி க்ளைனைக் கீழ தள்ளி, கீட்டனைத் தூக்கி பக்கத்துல நின்ன கார் மேல போட்டுச்சு. க்ளைன் கீட்டனோட குட்டிப் படங்கள்ல கூட சேர்ந்து டைரக்ட் பண்ணவர், வேலை பார்க்க வந்த இடத்துல வாங்கிக் கட்டிக்கிட்டார்.

கடைசில கார் ஏரிக்கரைக்கு வந்து பிரேக் போட்டதும் சக்கரமும் சட்டமும் கரையிலயே நின்னுடும், மேல் பாகம் மட்டும் ஹீரோயினோட சேர்ந்து தண்ணில பாயும், கூரைத் துணியைத் தூக்கி பாய்மரம் ஆக்கிக்கிட்டு போவாங்க. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் அவருக்கு ஃப்ரெட் கபூரின்னு ஒரு டெக்னிக்கல் டைரக்டர், கீட்டன் கேட்டா எதையும் கட்டிக் கொடுப்பார்.

கழுத்து விஷயம். இதுல வேடிக்கை என்னன்னா அது கனவுப் பகுதில நடக்கல, சாதாரணக் கதைல, கனவு வர்றதுக்கு முன்னாடி. வில்லனை வேவு பார்க்கப் போய் சரக்கு ரயில் பெட்டிக்குள்ள மாட்டி, மேல ஏறி ஓடற ரயிலோட கூரை மேல பின்பக்கமா ஓடறான். கடைசிப் பெட்டியும் கடந்து போகும்போது ரயிலுக்குத் தண்ணி ஊத்தற தொட்டியோட குழாயைப் பிடிச்சுத் தொங்கறான், குழாய் கீழ இறங்கி தண்ணி கொட்டுது. அந்தத் தண்ணியோட வேகம் எதிர்பார்த்ததை விட அதிகமா இருந்து பிடி விட்டுப் போய் கீழ விழுந்தார், கழுத்தோட பின்பக்கம் தண்டவாளத்துல இடிச்சிடுச்சு. எழுந்து ஓடினார், ஷாட் முடிஞ்சுது, கொஞ்ச நாள் தாங்க முடியாத தலைவலி, ஆனா வேலையை நிறுத்தல. பல வருஷம் கழிச்சு 1930கள்ல வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுத்தப்போ டாக்டர் உங்க கழுத்து எப்போ உடைஞ்சதுன்னு கேட்டிருக்கார். எப்பவும் உடையலையேன்னு இவர். எலும்பு உடைஞ்சு தானா கூடியிருந்தது அப்பதான் தெரிஞ்சது. யோசிச்சுப் பார்த்து அந்தத் தண்ணித் தொட்டிதான்னு முடிவு பண்ணாங்க. படத்துல இருக்கறது அதே டேக்தான், நீங்க பார்க்கறது நிஜமாவே ஒருத்தர் கழுத்து உடையற ஷாட்.

டைரக்டர் யாருங்கறதுல ஒரு சர்ச்சை உண்டு. படத்துல கீட்டன் பேர்தான். ஆனா ஆரம்பத்துல டைரக்ட் பண்ண உக்காந்தது ராஸ்கோ ஆர்பக்கிள், ஃபேட்டின்னா எல்லாருக்கும் தெரியும், கீட்டனை சினிமாவுக்குக் கொண்டு வந்த குரு. 1921ல ஒரு நடிகையோட சாவு வழக்குல மாட்டி, மூணு தடவை விசாரணை நடந்து 1922ல நிரபராதின்னு விடுதலை ஆனார், நடுவர் குழு மன்னிப்பே கேட்டது, ஆனாலும் அவர் பொழப்பு போச்சு. கீட்டன் கூப்பிட்டு வேற பேர்ல டைரக்ட் பண்ணுங்கன்னு இந்தப் படத்தைக் கொடுத்தார். ஆனா நொந்து போன மனுஷன், செட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தார், சரிப்படல, கீட்டனே எடுத்துக்கிட்டார். இது கீட்டன் சொன்ன கதை. அவரைப் புண்படுத்தாம அனுப்ப மேரியன் டேவிஸ் நடிச்ச 'தி ரெட் மில்' வாய்ப்பை வாங்கிக் கொடுத்ததா சுயசரிதைல எழுதியிருக்கார், ஆனா அந்தப் படம் வந்தது 1927ல, கணக்கு இடிக்குது. ஆர்பக்கிளோட மனைவி டோரிஸ் டீன் முழுப் படமும் அவர்தான் எடுத்தார்னு சொன்னாங்க. என்னோட அபிப்பிராயம் கேட்டா, அளவு நாடா பிடிச்சு எடுத்த அந்த சீன்களோட கை முந்தின பிந்தின கீட்டன் படங்கள்ல அப்படியே இருக்கு, ஆர்பக்கிள் படங்கள்ல அந்த சுத்தம் கிடையாது. ஆரம்ப நாட்கள் அவரோடதா இருக்கலாம், படம் கீட்டனோடதுதான்.

ஓடுச்சான்னா, சுமார்தான். லாங் பீச்ல மொத ப்ரிவ்யூ போட்டாங்க, ஜனங்க ஆஹா ஓஹோன்னு வாயைப் பிளந்தாங்க, சிரிக்கல. காமெடிப் படத்துக்கு அது கெட்ட சகுனம். கீட்டன் மறுபடி எடிட் பண்ணார், ரெண்டாவது ப்ரிவ்யூ அதை விட மோசம். மறுபடி வெட்டினார். வெட்டி வெட்டி அஞ்சு ரீல்ல வந்து நின்னுச்சு, முக்கா மணி நேரம். தயாரிப்பாளர் ஜோசப் ஸ்கெங்க் இன்னும் 1,000 அடி ஃபிலிம் சேருங்கன்னு கேட்டார், கீட்டன் மாட்டேன்னுட்டார். 1924 ஏப்ரல்ல ரிலீஸ். அப்போ வெரைட்டி பத்திரிகை ஆஸ்பத்திரி ஆபரேஷன் ரூம் அளவுக்குக் கூட சிரிப்பு வரலைங்கற ரேஞ்சுல எழுதிச்சு. அதே வருஷக் கடைசில வந்த 'தி நேவிகேட்டர்' பெரிய ஹிட் ஆகி அவரைக் காப்பாத்துச்சு.

அந்த வாயைப் பிளந்தாங்க, சிரிக்கலைங்கறது எனக்கு நியாயமாவே படுது. அது அப்படித்தான் இருக்கும். பாரிஸ்ல கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் சர்ரியலிசத்துக்கு, அதாவது கனவையும் அடிமனசையும் வச்சு படைக்கற கலை இயக்கத்துக்கு, அறிக்கை வெளியிட்டது அதே 1924, அக்டோபர் மாசம். கீட்டன் படம் அதுக்கு ஆறு மாசம் முந்தி வந்துடுச்சு. இவருக்கு அவங்களைத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் என்னய்யா இதுன்னு தொப்பியைத் தள்ளிட்டு பேஸ்பால் ஆடப் போயிருப்பார். ஆனா பிரெஞ்சு டைரக்டர் ரெனே க்ளேர் இதைப் பார்த்துட்டு இத்தாலிய நாடகாசிரியர் பிரண்டெல்லோவோட நாடகத்தோட ஒப்பிட்டு எழுதினார், ஸ்பெயின்ல கவிஞர் லோர்கா கீட்டனை வச்சே ஒரு குட்டி நாடகம் எழுதினார், பின்னாள்ல 1985ல வுடி ஆலன் இதே ஐடியாவைத் திருப்பிப் போட்டு திரைலேர்ந்து ஒருத்தனை வெளிய வர வச்சு 'தி பர்ப்பிள் ரோஸ் ஆஃப் கெய்ரோ' எடுத்தார். 1991ல அமெரிக்கா பாதுகாக்க வேண்டிய படங்களோட தேசியப் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. கனவுல இவன் இவ்வளவு சாகசம் பண்றானே, நிஜத்துல அந்தத் திருட்டைக் கண்டுபிடிச்சது பொண்ணு. இவன் தூங்கும்போதே அவ அடகுக் கடைக்குப் போய் வாட்சை யார் கொண்டு வந்தாங்கன்னு ஒரே கேள்வில முடிச்சுட்டு வந்து மன்னிப்பும் கேட்கறா. இவனுக்கு அப்போ என்ன பண்றதுன்னே தெரியல, ஆபரேட்டர் ரூம் ஜன்னல் வழியா ஓடிக்கிட்டிருக்கற படத்தைப் பார்க்கறான், ஹீரோ கையைப் பிடிச்சா இவனும் பிடிக்கறான், முத்தம் கொடுத்தா இவனும் கொடுக்கறான், மோதிரம் போட்டா இவனும் போடறான். அப்புறம் திரைல ஒரு கட், அந்த ஜோடி மடில குழந்தைங்க. இவன் தலையைச் சொறியறான். இங்கயும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு சினிமா வெட்டிடுச்சு.

படத்துக்கு அமெரிக்கால காப்புரிமை முடிஞ்சாச்சு, காசு கொடுக்காமலே பார்க்கலாம். நல்ல பிரிண்ட்டா தேடிப் பிடிங்க, தேய்ஞ்ச பிரிண்ட்ல அந்த லைட்டிங் வித்தை தெரியவே தெரியாது. மொத தடவை ஒண்ணும் யோசிக்காம பாருங்க. ரெண்டாவது தடவை அந்த முட்டுச்சந்து சீன் வரும்போது கீட்டனை விட்டுட்டு கிழவியோட பாவாடைக்குக் கீழ மட்டும் பாருங்க, அவர் பாயறதுக்கு முன்னாடி அங்க கால் தெரியுதான்னு.